பின்பக்கமாக ஓடிய லாரி

எஸ்தர் தன் புருஷன் ஜோசுவாவோடு பேச்சை நிறுத்தி ஒரு வாரம் தாண்டிவிட்டது. பேச்சுதான் நின்றதே ஒழிய வீட்டில் வேறு எதுவும் நிற்கவில்லை. காலையில் நாஸ்தா தட்டில் விழுந்தது, ராத்திரி குழம்பு கொதித்தது, அவன் சட்டை துவைத்து மடித்துக் கொடியோரம் வைக்கப்பட்டிருந்தது. தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். காலாண்டு லீவு என்று பெண்ணை உத்திரமேரூரில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருந்ததுதான் தப்பாகப் போயிற்று. "உங்கப்பாவ துன்ன வரச் சொல்லு", "உங்கம்மாகிட்ட தண்ணி கேளு" என்று அந்தப் பெண்ணை நடுவில் நிறுத்தி இவர்கள் எத்தனையோ சண்டைகளைக் கரையேற்றியிருக்கிறார்கள். இந்தத் தடவை தூதுக்கு ஆள் இல்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு கடை. ரெட்டை மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் சிட்டிபாபுவின் மோட்டார் வைண்டிங் கடை. சுற்றுப்பட்டு ஊர்களில் கிணற்று மோட்டார் எரிந்தால் மாட்டு வண்டியிலோ டெம்போவிலோ ஏற்றிக்கொண்டு அங்கேதான் வருவார்கள். பெண் பிறந்து நடக்க ஆரம்பித்ததிலிருந்து எஸ்தர் அங்கே வேலை செய்கிறாள். எரிந்த கம்பியைப் பிடுங்கி, காடிப் பள்ளங்களில் காகிதம் செருகி, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது வரைக்கும் அவள் கைதான். சிட்டிபாபுவுக்குக் கண் மங்கிவிட்டது. ஓசூரில் இருக்கும் மகனோடு போய்விடலாம் என்று முடிவு செய்தவர், கடையை எஸ்தரே எடுத்து நடத்தட்டும் என்று நினைத்தார். நினைத்தவர் எஸ்தரைக் கேட்கவில்லை. முறையாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு அவள் புருஷனை டீக்கடைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். டீ ஆறுவதற்குள் ஜோசுவா பதில் சொல்லிவிட்டான்.

"அதெல்லாம் அவளுக்கு வேணாம்ணா. வேற ஆளப் பாத்துக்கோ."

இரண்டு நாள் கழித்து சிட்டிபாபுவின் மனைவி கங்கையம்மாள், "ஏம்மா எஸ்தரு, கடைய வேணாம்னுட்டியாமே?" என்று ஆதங்கத்தோடு கேட்டபோதுதான் எஸ்தருக்கு விஷயமே தெரியும். தன்னிடம் யாரும் கேட்காத கேள்விக்குத் தான் பதில் சொல்லியாகிவிட்டது என்று தெரிந்தால் யாருக்குத்தான் எரியாது? அவளுக்கு எரிந்தது. வீட்டுக்கு வந்து, "நீ யாரு என் வாயால பேசறதுக்கு?" என்று ஒன்று கேட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதோடு சரி.

கடைக்கு வாலாஜாபாத்திலிருந்து ஓர் ஆள் பேசிக்கொண்டிருந்தான். "ஞாயித்துக்கெழம மத்தியானம் உங்க வூட்டுக்குச் சாப்புட வர்றேன், கடைசியா ஒருக்கா கேட்டுட்டுப் போறேன். அப்பாலிக்கா நானு அந்தாளுக்கு வாக்கு குடுத்துடுவேன்" என்று சிட்டிபாபு சொல்லியிருந்தார். அதையும் ஜோசுவாவிடமே சொல்லியிருந்தார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கங்கையம்மாள் வழியாக அது எஸ்தருக்கும் தெரிந்தது; புருஷன் சொன்னதை அவனே மாற்றட்டும் என்று அவள் கடையில் வாய் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்தான் ஜோசுவா லாரிக்கு மோட்டார் மாற்ற உட்கார்ந்தான்.

லாரி என்றால் நிஜ லாரி அல்ல. ஒரு முழ நீளம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய பெரிய சக்கரம், கையில் வைத்திருக்கும் ரிமோட்டால் ஓட்டுகிற லாரி. ஜோசுவா ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டுகிறவன். இரண்டு வருஷமாக அவன் வண்டியில் போய்வந்த கொரியாக்காரர் பார்க், லீவு நாட்களில் ஏரிக்கரையில் இதை ஓட்டிக்கொண்டிருப்பார். ஊருக்குத் திரும்புகிற அன்று லாரியையும், பிரிக்காத ஒரு பெட்டியையும் ஜோசுவாவின் கையில் கொடுத்து, தோளில் தட்டி, "நியூ மோட்டார். பிரஷ்லெஸ். வெரி ஃபாஸ்ட். கேர்ஃபுல்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாள் முழுக்கக் கொரிய எழுத்து. ஜோசுவா அதைத் தலைகீழாகவும் பார்த்தான். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையிலிருந்தே மேகம் கட்டியிருந்தது. புரட்டாசி வெயில் மறைந்து, பிள்ளையார்பாளையத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் குறுகலான வரிசை வீடுகளில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜோசுவா அடுப்படி வாசலில் கோணி விரித்து உட்கார்ந்து பழைய மோட்டாரைக் கழற்றினான். அது கரித்துண்டு தேய்ந்து ஓடுகிற சாதா மோட்டார். மணலைக் கண்டால் முனகும். புதியதில் கரித்துண்டே கிடையாது; சிவப்பு நிறத்தில் கைக்கு அடக்கமாக, ஆனால் எடை கனமாக இருந்தது. பழையதில் இரண்டு கம்பி, இதில் மூன்று.

எஸ்தர் அரைநாள் வேலை முடிந்து கடையிலிருந்து வந்தாள். கருவாட்டை அலசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். மூன்று கம்பியைப் பார்த்ததுமே அவளுக்கு அது என்ன சாமான் என்று தெரிந்துவிட்டது. தினமும் புரட்டிப் புரட்டிச் சுற்றுகிற கிணற்று மோட்டாரின் குட்டி. சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஜோசுவா கம்பி நுனிகளில், கழற்றி மாட்டுகிற செருகுமுனைகளைச் சுடுகோலால் பற்றவைத்தான். தடித்த கம்பியில் ஈயம் ஒட்டாமல் உருண்டு உருண்டு விழுந்தது. சூடு பத்தவில்லை. ஊதினான், கடவுளைக் கூப்பிட்டான், விரலைச் சுட்டுக்கொண்டான். சுடுகோலின் முனை அழுக்கேறி இருந்தது. எஸ்தர் அரிவாள்மணையிலிருந்து எழுந்தாள். லாரியின் முன்னால் குந்திக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏ லாரி, கோலு மொனைய மொதல்ல தொடைக்கச் சொல்லு. கம்பியச் சுட வச்சிட்டு அதும்மேல ஈயத்த வுடணும். ஈயத்தச் சுட வச்சிக் கம்பிமேல சொட்டினா நிக்காதுன்னு சொல்லு."

ஜோசுவா நிமிர்ந்தான். ஒரு வாரத்துக்குப் பின் அந்தக் குரல் அவன் பக்கமாக வருகிறது. சந்தோஷத்தை வெளியில் காட்டாமல் அவனும் லாரியையே பார்த்தான்.

"லாரி, உங்கம்மாவுக்கு ரொம்ப டாங்ஸுன்னு சொல்லு."

"டாங்ஸெல்லாம் அவரே வச்சிக்கட்டும்."

மகள் பார்க்க வேண்டிய தூது வேலையை லாரி பார்க்க ஆரம்பித்தது.

பற்றவைப்பு பிடித்தது. அடுத்து மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தை லாரியின் பெரிய பல்சக்கரத்தோடு சேர்த்து முடுக்க வேண்டும். பார்க் பழைய மோட்டாரைப் பொருத்தும்போது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து முடுக்கி, அப்புறம் அதை உருவி எடுப்பதை ஜோசுவா பார்த்திருந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து அதேமாதிரி செருகினான். எஸ்தருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்குடா லாரி நடுவுல சந்து? மோட்டாரும் பம்பும் சேர்ற எடத்துல மயிரெழ ஆட்டம் இருந்தாலே பேரிங் காலியாயிடும். இறுக்கமா இருக்கணும்னு சொல்லு."

"கொரியாக்காரன் அப்பிடித்தான் பண்ணான்னு சொல்லு."

"கொரியாக்காரன் கெணத்துல மோட்டார எறக்குனானான்னு கேளு."

ஜோசுவா டிக்கெட்டை உருவிவிட்டு அவள் சொன்னபடியே இறுக்கினான். பேட்டரியை மாட்டினான். மோட்டாரோடு வந்த, வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சின்ன டப்பா பீப் பீப் என்றது. ரிமோட்டின் விசையை லேசாகத் தொட்டதும் பல்சக்கரம் கிறீச்சென்று கத்தியது. பக்கத்து வீட்டில் தூளியில் தூங்கிய குழந்தை எழுந்து அழுதது. எஸ்தர் கருவாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜோசுவா முகத்தில் எதையும் காட்டாமல் டிக்கெட்டை மறுபடி செருகி முடுக்கினான். சத்தம் அடங்கியது. அவன் அதைப் பற்றி லாரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அளவுக்குப் புத்தி அவனுக்கு இருந்தது.

சாயந்தரம் சந்தில் இறக்கினான். விசையை இழுத்தான். லாரி பின்பக்கமாகப் பாய்ந்து அவன் கணுக்காலில் மோதியது.

மறுபடி இழுத்தான். மறுபடி பின்னால். விசையைத் தள்ளினால் முன்னால் போனது. ரிமோட்டில் திசை மாற்றுகிற பொத்தான் ஒன்று இருந்தது, அதைத் தட்டினான். இப்போது இழுத்தால் முன்னால் போனது. ஆனால் நொண்டி நொண்டிப் போனது. பிரேக் பிடிக்கலாம் என்று தள்ளினால் காற்றாய்ப் பின்னால் பறந்து பால்காரர் சைக்கிளில் இடித்தது. டப்பாவின் பொத்தானை அமுக்கி அமுக்கி விதவிதமாகப் பீப் வரவழைத்தான். பொழுது சாய்ந்து தெருவிளக்கு வந்தது. லாரிக்குப் பின்னால் போவதில்தான் இஷ்டம் இருந்தது.

வாசப்படியில் உட்கார்ந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த எஸ்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முதல் தடவை பின்னால் போனபோதே அவளுக்குக் காரணம் தெரியும். கிணற்று மோட்டார் மாறிச் சுற்றினால் தண்ணீர் ஏறாது. கடையில் முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் அது. சொல்லாமல் வேடிக்கை பார்ப்பதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதை மறைப்பானேன். ஒரு வாரமாக நெஞ்சில் கல் மாதிரி கிடந்தது அந்த ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் இலேசானது. கடைசியில் அவன் தலையில் கைவைத்துக்கொண்டு சாக்கடை மூடிக் கல்லில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

"லாரி, இங்க வா" என்றாள்.

ஜோசுவா லாரியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தான். அவள் மூன்று கம்பிகளில் இரண்டைப் பிடுங்கி, இதை அதிலும் அதை இதிலும் செருகினாள். ரிமோட்டின் திசைப் பொத்தானைப் பழையபடி திருப்பினாள்.

"இப்ப இழுக்கச் சொல்லு."

இழுத்தான். லாரி முன்சக்கரம் இரண்டும் தரையிலிருந்து எழும்ப முன்னால் சீறி, சந்து முனையைத் தாண்டி இருட்டில் மறைந்தது. திரும்ப எடுத்து வரும்போது ஜோசுவா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தான்.

"எந்த ரெண்டுன்னு உங்கம்மா எப்பிடிக் கண்டுபுடிச்சாங்கன்னு கேளு, லாரி."

"எந்த ரெண்டையும் மாத்தலாம். மூணுல எதுவா இருந்தாலும் சரி" என்ற எஸ்தர், முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு குரல் மாறிச் சொன்னாள்: "லாரி, நாளைக்கு சிட்டிபாபு அண்ணன் வர்றாரு. என்னைக் கேக்காம எதுக்கு வேணாம்னு சொன்னாருன்னு கேளு. ஒரு வாரத்துக்கு முந்தி கேட்டது, இன்னும் பதிலு வரல."

ஜோசுவாவின் சிரிப்பு போய்விட்டது. "உங்கம்மாவுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாருன்னு சொல்லு" என்றான்.

"அது பதில் இல்லன்னு சொல்லு."

அவன் லாரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கருவாட்டுக் குழம்பும் அவரைக்கொட்டையும் அன்றைக்கு ருசியாகத்தான் இருந்தன. தட்டு வழக்கத்தைவிடச் சத்தமாகவே விழுந்தது.

மறுநாள் விடிந்ததும், ஞாயிறு ஆராதனைக்குச் சபைக்குக் கிளம்புவதற்குள் ஒரு தடவை நீளமாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஜோசுவாவுக்கு அரிப்பு. நீளமான தெரு என்றால் பக்கத்தில் நெசவாளர் தெரு ஒன்றுதான். காலையில் வெயில் ஏறும்முன் அங்கே பாவு நீட்டுவார்கள். புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழை முழுவதையும் தெருநீளத்துக்கு இழுத்து, மூங்கில் கவைகளில் தாங்கி, கஞ்சி போட்டு நீவிக் காயவைப்பார்கள். அந்த நேரத்தில் சைக்கிள்காரன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவான். ஆனால் மழை மூடிக்கொண்டிருந்ததால் இன்றைக்கு யாரும் பாவை வெளியே எடுக்க மாட்டார்கள் என்று ஜோசுவா கணக்குப் போட்டான். எஸ்தரும் பின்னாலேயே வந்தாள். பால் வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டது லாரியிடம்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. லாரியின் ஏரியல் கம்பியை நிமிர்த்தி வைக்கிற பிளாஸ்டிக் குழாய் முதல்நாள் பால்காரர் சைக்கிளில் மோதி உடைந்துவிட்டது. ஜோசுவா எஸ்தருடைய புது விளக்குமாற்றிலிருந்து நீளமான ஈர்க்கு ஒன்றை உருவி, அதில் கம்பியைச் சுற்றி லாரியின் முதுகில் நட்டிருந்தான். உயரமாக இருந்தால் சிக்னல் நன்றாக எடுக்கும் என்பது அவன் எண்ணம்.

தெரு வெறிச்சென்று இருந்தது. விசையை இழுத்தான். லாரி போனது போனதுதான். கண் சிமிட்டுவதற்குள் பாதித் தெருவைத் தாண்டி, வளைவில் திரும்பி மறைந்துவிட்டது.

வளைவுக்கு அப்பால் நெசவாளி பழனி இருந்தான். மழை வருவதற்குள் முடித்துவிடலாம் என்று விடியும் முன்னரே அவனும் அவன் மனைவி நீலாம்பாளும் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அரக்கு நிறப் பாவு. ஈரத்தில் நடுவில் கொஞ்சம் தொய்ந்து தெருவோரம் முழுக்கக் கிடந்தது.

"ஏய் ஏய் ஏய்! இன்னாடா அது!" என்று பழனி கத்துகிற சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஓடினார்கள். வளைவில் நின்று பார்த்தபோது ஜோசுவா ஏற்கெனவே லாரியைத் திருப்பியிருந்தான். அது இப்போது அவனைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அங்கேதான் வினை. பல வருஷம் வண்டிக்குள் உட்கார்ந்து ஓட்டியவனுக்கு, எதிரில் நின்றுகொண்டு எதிரே வருகிற வண்டியை ஓட்டத் தெரியவில்லை. இந்தப் பக்கம் திருப்பினால் அது அந்தப் பக்கம் போயிற்று. பாவை விட்டு விலக்குவதாக நினைத்துக்கொண்டு நேராகப் பாவுக்கே திருப்பினான்.

"யோவ்! அந்தாண்ட திருப்புய்யா! அந்தாண்ட!" என்று எஸ்தர் அலறினாள். "விசைய உடுய்யா, கையை எடு!"

"எந்தாண்டடீ?"

"பட்டு பக்கம் இல்லாத பக்கம்யா!"

கையை எடுத்துவிட்டான். ஆனால் லாரிக்கு வேகம் இருந்தது. பாவின் அடியில் நுழைந்தது. ஈர்க்கு இழைகளுக்குள் ஏறியது. பழனி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். இழையெல்லாம் அறுந்து தெருவில் கொட்டப்போகிறது என்று நான்கு பேரும் நின்றார்கள். அப்படி ஆகவில்லை. லாரி பாவின் நீளவாட்டிலேயே ஓடியதால் ஈர்க்கு சீப்புப் பல் மாதிரி இழைகளை வகிர்ந்துகொண்டே போனது. குறுக்கே செருகியிருந்த மூங்கில் கோலில் போய் முட்டியதும் ஈர்க்கு முறிந்து, லாரி மல்லாந்து விழுந்து, சக்கரம் நான்கும் மேலே பார்க்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஈர்க்கு நுழைந்த இடத்தில் ஓரத்து இழைகள் ஒரு கைப்பிடி அறுந்து தொங்கின. மற்றது தப்பித்தது.

"உனுக்கு வயசு இன்னா ஆவுது ஜோசுவா?" என்றான் பழனி. "மொளச்சி மூணு எல வுடாத பசங்க கூட இந்தத் தெருவுல பாவு இருக்கசொல்ல பந்து ஆடாதுங்க. மழ வேற தலமேல நிக்குது. இப்ப அறுந்த இழைய எவன் சேத்துப் புணைக்கிறது?"

"தப்பு என்னுதுதான் பழனிண்ணா. இன்னா பண்ணணும்னு சொல்லு, பண்றேன்."

"நீ ஒன்னியும் பண்ண வேணாம், நீ தள்ளி நின்னாலே போதும்."

நீலாம்பாள் அதற்குள் மடியிலிருந்து சாம்பல் வைத்த சுருக்குப் பையை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். அறுந்த இரண்டு முனைகளைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு திருகு. இழை ஒன்றாகிவிடும். எஸ்தர் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"நானும் புணைக்கிறேங்க்கா. எனுக்கு விரல் வேலைதான்."

முதல் இழையை எடுத்துத் திருகினாள். கடைப் பழக்கத்தில் கம்பியைத் திருகுகிற மாதிரி வலது கையால் நான்கு முறுக்கு, மடக்கி ஒரு முறுக்கு. நீலாம்பாள் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"யம்மா, இதுல கரண்டு போவப்போறதில்லமா! இம்மாம் முறுக்குனா தறி அச்சுல நொழையாது. ஒரே திருகு. மெதுவா. விரல்ல சாம்பலத் தொட்டுக்கோ."

அந்தச் சிரிப்பில் பழனிக்கும் கோபம் பாதி இறங்கியது. எஸ்தர் இரண்டு மூன்று இழையைக் கெடுத்தாள். பிறகு கை படிந்தது. ஜோசுவாவைப் பாவின் தொய்ந்த பகுதியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கச் சொன்னார்கள். அவன் இரண்டு கையையும் ஏந்தி நின்றான். அவனுக்கு நேர் கீழே எஸ்தர் குனிந்து இழை தேடிக்கொண்டிருந்தாள். இனி நடுவில் லாரி இல்லை. அது பழனி வீட்டு வாசலில் மல்லாந்து கிடந்தது. ஒரு தடவை யோவ் என்று கூப்பிட்டுவிட்ட பிறகு திரும்பவும் ஊமையாவது முடியாது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

"இப்ப சொல்லு" என்றாள் எஸ்தர், தலை நிமிராமல். "எதுக்கு வேணாம்னு சொன்ன?"

"இங்கியா?"

"இங்கதான். கைய எடுத்துக்கினு உன்னால எங்கயும் ஓட முடியாது."

ஜோசுவா மேகத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"கடைக்கு யார் யார் வர்றாங்கன்னு உனுக்குத் தெரியும். பண்ணைக்காரங்க. எங்கப்பா அவங்ககிட்டதான் ஏர் ஓட்டுனாரு. கிழவன் ஆன பொறவும் டேய்னு ஒரு கொரல் வந்தா துண்ட இடுப்புல கட்டிக்கினு ஓடுவாரு. நானு பக்கத்துல நிப்பேன். இப்ப நீ உள்ள குந்தி கம்பி சுத்தசொல்ல உன்ன யாரும் பாக்கறதில்ல. சிட்டிபாபு அண்ணன்தான் எதிர்ல நின்னு சிரிச்சிக்கினே எல்லாத் திட்டையும் வாங்கிக்கிறாரு. நாளைக்கு மோட்டாரு ஒரு நாள் லேட்டானா உன்ன வாடி போடின்னுவாங்க. அத நானு எப்பிடிக் கேட்டுக்கினு இருக்கறது? என்னால முடியாது எஸ்தரு."

நீலாம்பாள் சாம்பல் பையைக் கட்டுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழனி கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான்.

எஸ்தரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரமாக அவள் நினைத்தது வேறு. பொம்பளை சம்பாதித்து முன்னால் உட்கார்ந்தால் இவனுக்குப் பொறுக்கவில்லை என்றே நினைத்திருந்தாள். இந்தக் காரணம் அவளுக்கு எட்டியிருக்கவில்லை.

"உள்ள குந்தியிருந்தா என் காதுல வுழாதுன்னு நெனச்சியா?" என்றாள். "இத்தினி வருசமா எல்லாத்தியும் கேட்டுக்கினுதான் சுத்தறேன். அண்ணன் சிரிக்கிறாரு. நானு சிரிக்க மாட்டேன். அவ்ளோதான் வித்தியாசம். அவங்க மோட்டாரு ஓடணும்னா என் கைக்குத்தான் வரணும். பயப்படறது நீ. அத்தொட்டு வேணாம்னு சொல்றதும் நீ. ஆனா கடை போறது எனக்கில்ல?"

"தப்புதான்."

"தப்புன்னு சொல்லிக்கினு கையக் கீழ வுடாத. பாவு தொங்குது பாரு."

அவன் கையை உயர்த்திக்கொண்டான். மழை கடைசிவரைக்கும் வரவில்லை. மேகம் உத்திரமேரூர்ப் பக்கம் நகர்ந்து போய்விட்டது. கடைசி இழையையும் புணைத்தபோது சபையில் இரண்டாவது மணி அடித்து ஓய்ந்திருந்தது. பழனி பாவை நெடுக நீவிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, தறியில தெரியாது" என்றான். நீலாம்பாள் எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தாள். ஜோசுவாவின் டம்ளரில் மட்டும் சர்க்கரை போட மறந்துபோயிருந்தது. மறதிதானா என்று அவன் கேட்கவில்லை.

போகும்போது பழனி லாரியைத் தூக்கி எடைபார்த்தான். "இம்மாந்தூண்டு மோட்டாருக்கா இந்த வேகம்? எவன் மாட்டுனது?"

"ரெண்டு பேருந்தான்" என்றாள் எஸ்தர்.

மத்தியானம் சிட்டிபாபு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் வாழைப்பழச் சீப்பு. எஸ்தர் வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பாடு முடிகிறவரைக்கும் ஓசூர் குளிரைப் பற்றியே பேசினார். பிறகு மோர் ஊற்றிக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஜோசுவாவைப் பார்த்தார்.

"அப்ப இன்னாப்பா முடிவு? வாலாஜாபாத்காரன் சாயந்தரம் போன் பண்ணுவான்."

"என்னைக் கேக்காதீங்கண்ணா. போன தபா கேட்டதே தப்பு, நானு சொன்னதும் தப்பு. அதோ குந்தியிருக்குது, அதைக் கேளுங்க."

சிட்டிபாபுவுக்கு ஒரு நிமிஷம் வெட்கமாகிவிட்டது. மோர்ச் சோற்றில் கையை வைத்தபடியே திரும்பினார்.

"ஆமா, இல்ல? உன்னதானே கேட்டிருக்கணும். இன்னாம்மா சொல்ற எஸ்தரு, கடைய எடுத்துக்கிறியா?"

"எடுத்துக்கிறேண்ணா" என்றாள். அதைச் சொல்வதற்கு அவள் கொஞ்சமும் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு யோசித்தார். "நாளைக்கே ஆத்தங்கரைப் பண்ணைக்காரரு வருவாரு. அவரு மோட்டாருக்கு இன்னும் வார்னிஷ் காயல. கத்துவாரு. எவ இங்க குந்தியிருக்கறதுன்னு கேப்பாரு. அந்தாளு வாய் உனுக்குத் தெரியும்."

"கேக்கட்டும்ணா. நாற்காலி போடறேன். குந்திக்கினு கேக்கட்டும். வார்னிஷ் காயாம மோட்டாரு தர மாட்டேன்."

"இருந்தாலும்மா..." என்று அவர் ஜோசுவா பக்கம் திரும்பினார். "யப்பா, மொத நாளு. நீ நாளைக்கு ஒரு நாள் கடையாண்ட கூட இருந்துக்கோயேன்."

எஸ்தர் குழம்புச் சட்டியை மூடிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் மூடியை வைக்க முடியவில்லை.

ஜோசுவா தட்டில் இருந்த மீன் முள்ளை ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுக்கினான்.

"எனுக்கு டூட்டி இருக்குதுண்ணா" என்றான்.

பார்க் போய்விட்ட பிறகு அடுத்த கொரியாக்காரர் புதன்கிழமைதான் வருகிறார். அதுவரைக்கும் வண்டிச் சாவியே முதலாளியிடம்தான் இருந்தது. சிட்டிபாபுவுக்கு அது தெரியாது. எஸ்தருக்குத் தெரியும், அவளைத் தனியாக நிற்கவிடத்தான் அவன் பொய் சொல்கிறான் என்பதும். அவள் மூடியைச் சட்டியின்மேல் வைத்தாள்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு டூட்டிக்குக் கெளம்பற?" என்று கேட்டாள்.

"நீ கடையத் தொறக்கப் போன அப்பாலதான்" என்றான் ஜோசுவா.